ஓடுவதற்கு முன் நின்றவர்கள்

கிரேக்கத்தில் ஒரே ஒரு பழைய விளையாட்டரங்கம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நெமியாவுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஒலிம்பியாவின் புகழுக்குக் குறைவில்லை. ஏதென்ஸ் நகரின் நடுவில் இருக்கும் பளிங்கு ஸ்டேடியம் கண்ணைப் பறிக்கும். 1896இல் நவீன ஒலிம்பிக் அங்கேதான் தொடங்கியது. ஆனால் ஓடப்போகும் ஒருவன் எங்கே உடை களைந்தான், எந்த வழியாக நடந்து வந்தான், எங்கே நின்றான், கால் விரலை எதில் ஊன்றினான் என்று அடிக்கு அடி காட்டும் இடம் நெமியா. வென்றவர்களின் பெயர்களைக் கல்வெட்டுகளும் கவிதைகளும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஓடுவதற்கு முன் வயிற்றில் பயத்தோடு நின்றவர்களின் தடம் கிடைப்பதுதான் அரிது. அது இங்கே கிடைக்கிறது.

ஏதென்ஸிலிருந்து காரில் மேற்கே கிளம்பி, கொரிந்துக் கால்வாயைத் தாண்டி, நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் ஒன்றரை மணி நேரத்தில் நெமியா பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது. சாலையின் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். அயோர்யிதிகோ என்ற கருந்திராட்சை இந்த மண்ணுக்குப் பேர் போனது. இன்றைக்கு வெளியுலகத்துக்கு நெமியா என்றால் அந்தத் திராட்சையில் எடுக்கும் சிவப்பு ஒயின்தான். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் சிங்கத்தைக் கொன்றதாகச் சொல்லும் கதையும் இந்த மலைகளைச் சேர்ந்ததே. என்னோடு அக்கா மகள் வந்திருந்தாள். கல்லூரி அணியில் ஓடுகிறவள். கோயில், சிலை என்றால் பொறுமையாகக் கூட நடப்பாள், அவ்வளவுதான். நெமியாவில் அவள்தான் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

பண்டைய கிரேக்கத்தில் எல்லா ஊர்க்காரர்களும் கூடும் பெருவிழாக்கள் நான்கு. ஒலிம்பியா, டெல்ஃபி, கொரிந்து அருகே இஸ்த்மியா, பிறகு நெமியா. நெமியா போட்டிகள் கி.மு. 573இல் தொடங்கியதாகக் கணக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஜீயஸ் கடவுளின் பெயரால் நடந்தன. இந்த விழாவில் ஒரு துக்கம் கலந்திருக்கிறது. ஒஃபெல்டெஸ் என்ற கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தாதி, வழிகேட்டு வந்த படைவீரர்களுக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுவதற்காகக் குழந்தையைக் காட்டு செலரிச் செடிகளின் மேல் கிடத்திவிட்டுப் போனாள். அதற்குள் பாம்பு தீண்டிக் குழந்தை இறந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கான ஈமச் சடங்காகத்தான் போட்டிகள் தொடங்கின என்பது கதை. அதனால் நெமியாவில் நடுவர்கள் கறுப்பு உடை அணிந்தார்கள். வென்றவனுக்குச் சூட்டிய கிரீடமும் அதே காட்டு செலரியில் கட்டியது. ஒலிம்பியாவில் ஆலிவ் இலை, டெல்ஃபியில் லாரல், இங்கே சாவோடு சேர்த்துப் பேசப்பட்ட ஒரு கீரை. பரிசு அவ்வளவுதான். இரண்டாவதாக வந்தவனுக்கு அதுவும் கிடையாது.

ஜீயஸ் கோயில் முதலில் வருகிறது. அதன் தூண்களில் மூன்று, கட்டிய நாளிலிருந்து இன்றுவரை விழாமல் நின்றவை. மற்றவை அண்மைக் காலத்தில் விழுந்த கற்களைச் சேர்த்து மறுபடி எழுப்பியவை. நல்ல கோயில், ஆனால் கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஸ்டேடியத்துக்குப் போகிறேன். அது கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மலைச்சரிவில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஸ்டேடியம் கட்டியது கி.மு. 330 வாக்கில். அதற்கு முன்னால், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில், நெமியா போரில் அழிந்து போட்டிகளை ஆர்கோஸ் நகரம் தன் பக்கம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அலெக்சாண்டரின் நாட்டவரான மாசிடோனியர்கள் கை ஓங்கிய பிறகு போட்டிகள் திரும்பி வந்தன. புதிய கோயிலும் புதிய ஸ்டேடியமும் எழுந்தன. ஆனால் கி.மு. 271 வாக்கில் போட்டிகள் மறுபடி ஆர்கோஸுக்கே போய்விட்டன. ஆக, இவ்வளவு பாடுபட்டு மலையைக் குடைந்து கட்டிய ஸ்டேடியம் உபயோகத்தில் இருந்தது கிட்டத்தட்ட 60 ஆண்டுகள்தான். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே புல் முளைத்திருக்கும். அவர்களுக்கு அது இழப்பு, நமக்கு அது கொடுப்பினை. ஏதென்ஸ் ஸ்டேடியத்தை ரோமானியர் காலத்தில் ஹெரோடெஸ் அட்டிகஸ் என்ற செல்வந்தர் பளிங்கில் புதுப்பித்தார், 19ஆம் நூற்றாண்டில் அது மறுபடி புதுப்பிக்கப்பட்டது. நெமியாவை யாரும் புதுப்பிக்கவில்லை. அலெக்சாண்டர் காலத்து ஸ்டேடியம் மேல்பூச்சு இல்லாமல் அப்படியே மண்ணுக்குள் படுத்துவிட்டது.

அதைத் தோண்டி எடுத்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். 1970களில் ஸ்டீஃபன் மில்லர் என்ற தொல்லியல் பேராசிரியர் தலைமையில் வேலை தொடங்கியது. ஸ்டேடியம் இருந்த இடத்தில் அப்போது விவசாயம் நடந்துகொண்டிருந்தது. மில்லர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கிராமத்தோடு கழித்தார், 2021இல் மறைந்தார். இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பாலானது அவரும் உள்ளூர்க்காரர்களும் கூடையில் மண்ணை அள்ளி வெளிக்கொண்டு வந்தது.

வழியில் மியூசியத்தைத் தவறவிட வேண்டாம். அங்கே இருக்கும் சில்லறைக் காசுகளுக்காகவே சொல்கிறேன். ஸ்டேடியத்தின் சரிவில் தோண்டியபோது பார்வையாளர்கள் தவறவிட்ட காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. எந்தக் காசு எந்த இடத்தில் கிடைத்தது என்று மில்லர் குழு குறித்துக்கொண்டே வந்தது. ஆர்கோஸ் காசுகள் ஒரு பக்கம் குவிகின்றன, கொரிந்து காசுகள் வேறு பக்கம். ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் ஆளுக்குக் கத்தியிருக்கிறார்கள். ராஜாக்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் யாரும் இதை எழுதவில்லை. எவனோ எழுந்து கத்தும்போது மடியிலிருந்து நழுவிய செப்புக்காசு சொல்கிறது. எனக்கு அந்தக் காசுகள் தங்கக் கிரீடத்தைவிடப் பெரியவை.

சரி, ஸ்டேடியம். நுழைந்ததும் நேரே ஓடுபாதைக்கு இறங்கிவிடலாம். அப்படிச் செய்யக் கூடாது. ஓட்டக்காரன் வந்த வழியில்தான் நாமும் வர வேண்டும். மேற்குப் பக்கம், மேட்டுக்கு வெளியே, உடை மாற்றும் கூடம் ஒன்று இருந்திருக்கிறது. நடுவில் திறந்த முற்றம், மூன்று பக்கம் தூண்கள் வைத்த தாழ்வாரம். இப்போது தூண்களின் அடிப்பகுதிகளும் மறுபடி நிறுத்திய சில தூண்களும் மட்டும் இருக்கின்றன. இங்கேதான் துணியைக் களைந்து, உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசிக்கொண்டு, தன் முறை வரும்வரை காத்திருந்தார்கள். ஓடியது அம்மணமாகத்தான்.

அங்கிருந்து சுரங்க வழி தொடங்குகிறது. பார்வையாளர்கள் உட்காரும் மேட்டை ஊடுருவிக்கொண்டு சுமார் 36 மீட்டர் நீளம். கூரை வளைவானது, ஆப்பு வடிவத்தில் செதுக்கிய கற்களைச் சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றையொன்று தாங்கும்படி அடுக்கியிருக்கிறார்கள். வளைவுக் கூரை என்றால் ரோமானியர்களின் கைவேலை என்று நினைப்போம். இது அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. அலெக்சாண்டரோடு கிழக்கே போன பொறியாளர்கள் கற்றுக்கொண்டு வந்த நுட்பம் என்பது மில்லரின் கருத்து.

வெளியே உச்சி வெயில். உள்ளே காலடி வைத்ததும் குளிர்ச்சி. பேசினால் குரல் சுவரில் மோதித் திரும்புகிறது. அடுத்த முனையில் வெள்ளை வெளிச்சமாக ஒரு வளைவு, அதற்கப்பால் ஓடுபாதை. கூட்டத்தின் சத்தம் அந்த வளைவு வழியாக உள்ளே வந்து நிறைந்திருக்கும் என்று யோசித்தபோது எனக்குக் கை சில்லிட்டது. அக்கா மகள், "சித்தி, நிக்க வச்சிட்டுப் பேர் கூப்பிடுற நேரம்தான் மோசம். ஓட ஆரம்பிச்சா ஒண்ணும் இல்ல" என்றாள். அது ஓட்டக்காரிக்குத்தான் தெரியும்.

அந்த மோசமான நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சுவரில் இருக்கிறது. கூர்மையான எதையோ வைத்துப் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். நேரே பார்த்தால் வெறும் கல்லாகத்தான் தெரியும். செல்பேசி விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கீறல்கள் நிழலோடு எழுந்து வருகின்றன. ஒருவன் "நான் ஜெயிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறான். இன்னோர் இடத்தில் "அக்ரோடாடோஸ் அழகன்" என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் வேறொரு கை, "எழுதினவனுக்கு" என்று சேர்த்திருக்கிறது. 2300 ஆண்டுகளுக்கு முன், அடுத்த நிமிடம் எதிரெதிரே மோத வேண்டிய பையன்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

தெலெஸ்தாஸ் என்ற பெயரும் சுவரில் இருக்கிறது. ஒலிம்பியாவில் சிறுவர் குத்துச்சண்டையில் வென்ற தெலெஸ்தாஸ் என்பவனைப் பற்றிப் பழைய பயணி பௌசானியஸ் குறிப்பிடுகிறார். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பது தோண்டியவர்களின் ஊகம். இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒலிம்பியாவில் சிலை வைக்கப்பட்ட தெலெஸ்தாஸ் வேறு, இங்கே கை நடுங்க சுவரைக் கீறிய தெலெஸ்தாஸ் வேறு என்றே வைத்துக்கொள்வோம். நான் பார்க்க வந்தது இரண்டாவது ஆளை.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் ஓடுபாதை. களிமண் தரை. இருபுறமும் சரிவு, மேல் வரிசைகளில் பார்வையாளர்கள் வெறும் மண்ணை வெட்டிய படிகளில்தான் உட்கார்ந்தார்கள், கல் இருக்கை சில வரிசைகளுக்கு மட்டும். பாதையைச் சுற்றி ஓரமாகக் கல்லில் வெட்டிய தண்ணீர் வாய்க்கால் ஓடுகிறது, நடுநடுவே தொட்டிகள். கோடையில் நடந்த விழா, நிழல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பாதையின் நீளம் அவர்கள் கணக்கில் 600 அடி, நம் கணக்கில் சுமார் 178 மீட்டர். நூறு அடிக்கு ஒரு சின்னக் கல் நட்டிருக்கிறார்கள். வடக்கு முனை இன்றில்லை. சரிவைச் சமன்செய்ய மண் கொட்டி உயர்த்திய பகுதி அது. காலப்போக்கில் மழையும் ஓடைத் தண்ணீரும் கரைத்துக்கொண்டு போய்விட்டன.

ஆனால் தெற்கு முனையில் தொடக்கக் கோடு பத்திரமாக இருக்கிறது. பால்பிஸ் என்பார்கள். பாதையின் குறுக்கே வரிசையாகப் பதித்த கற்கள், அவற்றின் மேல் இணையாக இரண்டு பள்ளக்கோடுகள். ஒரு காலின் விரல்கள் முன்கோட்டில், மறுகாலின் விரல்கள் பின்கோட்டில். இரண்டுக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. அக்கா மகள் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். பள்ளத்தின் ஒரு விளிம்பு செங்குத்தாக இருக்கிறது, விரல் அதில் பிடிமானம் கொள்கிறது. "இதுல நின்னா பின்னாடி சாய முடியல சித்தி. உடம்பு தானா முன்னாடி போகுது" என்றாள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கைகளை முன்னால் நீட்டினாள். பானை ஓவியங்களில் ஓட்டக்காரர்கள் நிற்பது அப்படியேதான். யாரும் சொல்லித் தரவில்லை, கல் சொல்லித் தந்தது. இன்று ஓட்டக்காரர்கள் குனிந்து விரல்களைத் தரையில் ஊன்றித் தொடங்குகிறார்கள். 1896இல் ஏதென்ஸில் 100 மீட்டரை வென்ற அமெரிக்கர் தாமஸ் பர்க் அப்படித் தொடங்கியது அங்கே பலருக்குப் புதுமையாக இருந்தது. அதற்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகள் இந்த நிற்கும் தொடக்கம்தான்.

இந்தக் கோட்டில் நிற்கிறவன் மற்றவனுக்கு முன்னால் ஒரு நொடி கிளம்பிவிட்டால்? அதுதான் பெரிய கவலை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்ததுதான் ஹிஸ்ப்ளெக்ஸ். இந்த ஸ்டேடியத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இதுதான்.

கோட்டின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மரக்கம்பம். கம்பத்தின் அடி, முறுக்கேற்றிய கயிற்றுக் கட்டுக்குள் செருகியிருக்கும். கல் எறியும் போர்ப்பொறியில் இருந்த அதே முறுக்கு. விட்டால் கம்பம் முன்பக்கம் படாரென்று தரையில் விழும். அதை இழுத்து நிமிர்த்திக் கொக்கி போட்டு வைத்திருப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே ஓட்டக்காரர்களின் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறும் கட்டியிருக்கும். தொடக்கிவைப்பவர் எல்லோருக்கும் பின்னால் நிற்பார். அவர் முகம் யாருக்கும் தெரியாது, கையசைவும் தெரியாது. அவர் இழுத்ததும் இரண்டு கம்பங்களும் ஒரே நேரத்தில் விழும், கயிறுகள் தரையில் அறையும், எல்லோருக்கும் வழி ஒரே கணத்தில் திறக்கும். முந்திக் கிளம்புகிறவன் கயிற்றில் மாட்டிக்கொள்வான், ஊரே பார்க்கும். 1990களில் மில்லரும் ஏதென்ஸ் பேராசிரியர் பானோஸ் வலவானிஸும் கல்லில் எஞ்சியிருந்த பள்ளங்களையும் பானை ஓவியங்களையும் வைத்து இதை மறுபடி செய்து பார்த்தார்கள். வேலை செய்தது.

இதைப் பற்றி யோசிக்க யோசிக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. கோட்டையைத் தகர்க்கச் செய்த பொறியை எடுத்து, பன்னிரண்டு பேர் ஒன்றாகக் கிளம்புவதற்கு உபயோகித்திருக்கிறார்கள். ஒரே ஒரு கிரீடம், இரண்டாம் இடம் கிடையாது, தோற்றவன் ஊருக்குத் திரும்பித் தலைகுனிய வேண்டும். அப்படிப்பட்ட போட்டியில் தோற்றவன்கூட, கிளம்பியது எல்லோரும் ஒன்றாகத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக இவ்வளவு கயிறு, இவ்வளவு கல், இவ்வளவு மூளை. அதற்கும் மேல் நடுவர் கையில் பிரம்பு. முந்திக் கிளம்பினால் அடி. வெறும் மிரட்டல் இல்லை அது. கி.மு. 480இல் பாரசீகர்களுக்கு எதிரான சலாமிஸ் கடற்போருக்கு முன் நடந்த ஆலோசனையில், அவசரப்பட்டுப் பேசிய ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டாக்ளிஸிடம் கொரிந்துத் தளபதி அதைமாந்தோஸ், போட்டியில் முந்திக் கிளம்புகிறவனுக்குப் பிரம்படி விழும் என்றாராம். பின்தங்குகிறவனுக்குக் கிரீடம் கிடைக்காது என்று பதில் வந்தது என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். படைத்தளபதிகள் பேச்சுவாக்கில் எடுத்து வீசும் அளவுக்கு அந்தப் பிரம்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்த நியாயம் எல்லோருக்குமானதா என்றால், இல்லை. அடிமைகளுக்கு இந்தக் கோட்டில் இடமில்லை. இந்த ஸ்டேடியம் இயங்கிய காலத்தில் பெண்களுக்கும் இடமில்லை. அக்கா மகள் அதைத்தான் முதலில் கேட்டாள். பிற்காலத்தில் மாறியது. டெல்ஃபியில் கி.பி. முதல் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ட்ராலெஸ் ஊரைச் சேர்ந்த ஹெர்மேசியானக்ஸ் என்பவர் ஓட்டத்தில் வென்ற தன் மூன்று மகள்களுக்காக நிறுவியது. அவர்களில் ஹெதேயா என்பவள் நெமியா விளையாட்டில் குறுகிய தூர ஓட்டத்தில் வென்றவள். ஆனால் அப்போது போட்டிகள் ஆர்கோஸுக்குப் போய் நாளாகியிருந்தது. பெயர் நெமியாவுடையது, ஓடிய இடம் இதுவல்ல. இந்தக் கல்லில் பெண் கால் பதிய இன்னும் ரொம்பக் காலம் ஆக வேண்டியிருந்தது.

பதிந்தது 1996இல். மில்லரும் கிராமத்து மக்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி, நெமியா போட்டிகளை இதே ஓடுபாதையில் மீண்டும் நடத்தினார்கள். பல நாடுகளிலிருந்து சுமார் 700 பேர், 12 வயதிலிருந்து 90 வயது வரை. அதன் பிறகு பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. தேர்வு கிடையாது, சாதனைக் கணக்கு கிடையாது, பதக்கம் கிடையாது. வயதுவாரியாக, ஆண்கள் பெண்கள் தனித்தனியாக, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். உடை மாற்றும் கூடத்தில் எல்லோரும் வெள்ளை அங்கிக்கு மாறி, வெறுங்காலில் சுரங்கத்துக்குள் போக வேண்டும். கறுப்பு உடை நடுவர், கையில் பிரம்பு. எந்த இடத்தில் நிற்பது என்று தலைக்கவசத்துக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். கட்டியக்காரர் பெயரை உரக்கக் கூப்பிடுவார். ஹிஸ்ப்ளெக்ஸ் கயிறு விழும். 100 மீட்டர். வென்றால் பனையோலைக் கிளையும் ரிப்பனும், நாள் முடிவில் காட்டு செலரிக் கிரீடமும்.

பழைய இடத்தில் இப்படி ஓட விடலாமா, கல் தேயாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கயிறு கட்டித் தடுத்து, கண்ணாடி போட்டு மூடி வைத்த ஸ்டேடியத்தில் நான் அந்தக் கல்லைப் பார்த்திருப்பேன், அவ்வளவே. அது உடம்பை எப்படி முன்னால் தள்ளுகிறது என்று அந்தப் பெண்ணால் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெறும் பாதங்கள் படுவதால் கரைந்துவிடாது இது. என் ஓட்டு மில்லர் பக்கம்.

100 மீட்டர் தவிர இன்னோர் ஓட்டமும் உண்டு. பழைய கிளியோனை ஊரில் ஹெராக்ளிஸ் கோயில் இருந்த இடத்திலிருந்து கிளம்பி, திராட்சைத் தோட்டங்கள் வழியாக 7.5 கிலோமீட்டர் ஓடி இந்த ஸ்டேடியத்துக்கு வந்து சேர வேண்டும். அடுத்த முறை அறிவிப்பு வந்ததும் இரண்டு பேரும் பெயர் கொடுப்பதாக இருக்கிறோம். அவள் 100 மீட்டருக்கு, நான் கிளியோனை வழிக்கு.